நோயாளியின் கூடாரம்

கரிவலம்வந்தநல்லூர் என்றதும் பால்வண்ணநாதரும் வரதுங்க பாண்டியரும்தாம் நினைவுக்கு வருகிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே, சிவகாசியில் வேறொரு பக்தரின் கதை முடிந்தது.

தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறியவர்; நெஞ்சு பலவீனம். சென்னையில் மிஷன் காரியதரிசியாகவே காலம் தள்ளியிருக்கலாம். 1854-ல் வடதிருநெல்வேலிக் கிராமங்களுக்குக் கூடாரத்தோடு வந்துவிட்டார். இருமுகிற மனிதருக்கு இந்தப் புழுதி எதற்கு? தம் பலவீனத்தில்தான் கிறிஸ்துவின் பலம் விளங்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதை இவர் வாழ்ந்து பார்த்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். வயது 43.

1922-ல் அவர் சரிதத்தை எழுதியவர், டோனாவூர் ஏமி கார்மைக்கேல். 1931-ல் கீழே விழுந்து அடிபட்ட அந்த அம்மாள், 1951-ல் கண் மூடும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். கிடந்தபடியே நோயாளிகளுக்காக எழுதினார்.