விசைப்பலகையும் விழியும்

வடசென்னையில் காசிமேட்டின் மீன்வலைகளையும், தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரத்தையும் வர்ணிப்போர், அப்பகுதித் துறைமுகக் கணக்குகளைப் பகலெல்லாம் எழுதிக் கண் மங்கிய குமாஸ்தாக்களை நினைப்பது அபூர்வம். சென்னையில் 1819-இலேயே கண் ஆஸ்பத்திரி தோன்றி, 1884-இல் எழும்பூரை அடைந்தது. எனினும் எழுதுவோரின் சிரமத்தைக் குறைத்தவர்களுள், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையாவை நான் முதன்மையாக வணங்குவேன். 247 எழுத்துக்களைத் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் சிறு பலகைக்குள் அடக்கும் பொருட்டு, தாளை நகர்த்தாமல் புள்ளியையும் இகரக் குறியான விசிறியையும் பதிக்கும் விசைகளை அவர் அமைத்ததனால், விசையைப் பாராது மூலப் பிரதியை மட்டும் நோக்கித் தட்டும் வித்தை தமிழுக்கும் வாய்த்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே பிறந்த தமிழ்99 என்னும் கணிப்பொறி விசைப்பலகை, உயிரெழுத்துக்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகிர்ந்து, இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியைத் தானே இட்டு, விரல்களின் பாரத்தை வெகுவாகக் குறைத்தது. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்துக் கண்டவர்க்கோ வேறொரு இடர்: புத்தகத்துக்கென வாங்கிய கண்ணாடி ஓரடி ஒன்றரையடித் தூரத்துக்கே ஏற்றது, கணிப்பொறித் திரையோ சுமார் இரண்டடித் தொலைவில் நிற்பது, ஆதலால் இருபார்வைக் கண்ணாடியின் கீழ்வட்டத்தில் திரையைத் தேடி முகவாயை உயர்த்துவோரின் கழுத்து நோகிறது. கண்ணுக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து மருத்துவரிடம் கூறித் தனிக் கண்ணாடி பெறுவதே உசிதம்.