நீல பட்டன்

கம்ப்யூட்டரைத் தொடுகிற எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டே ஆகணுமா? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ரங்கராஜன் (நமக்கு சுஜாதா) பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மேற்பார்த்து உருவாக்கிய ஓட்டு மெஷினும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். ஓட்டுப் போடுகிறவர் கற்க அதில் என்ன இருக்கிறது? பெயர், சின்னம், பக்கத்தில் நீல பட்டன். அமுக்கினால் சிவப்பு விளக்கு, ஒரு 'பீப்'. எழுத்தறியாத பாட்டிக்கும் சின்னம் தெரியும். (சின்னம் 1951-52 தேர்தலிலேயே வந்தாச்சு. பாதி வேலை அப்போதே முடிந்தது!)

சட்டம்தான் பாடம் படிக்க வேண்டியிருந்தது. 1982-ல் கேரளாவின் பரவூரில் 50 பூத்களில் மெஷின் வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீரங்கம் உட்பட தமிழ்நாடு முழுக்க மெஷின்.

ஆனால் கற்கிற பாரம் ஆவியாகிவிடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு ஓட்டுக்கும் 'பேலட்' பட்டனை அமுக்கி அனுமதிக்க வேண்டியவர் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. பி.காம். படித்தவன் கணக்கில் இது நியாயமான பற்று-வரவு. பாட்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு நிமிஷ வேலை; அவருக்கு நாள் முழுக்க. அதனால்தான் தேர்தலுக்கு முன்னால் வாத்தியார்களை உட்கார வைத்து வகுப்பெடுக்கிறார்கள்: எப்படி இணைப்பது, ஏஜென்ட்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டு எப்படி அழிப்பது, எங்கே சீல் வைப்பது என்று.