கணவாய்க்கு இப்பால் மகன், அப்பால் மருமகன்

குடும்பம் ஆண்டவன் வகுத்த ஏற்பாடு என்கின்றனர். தந்தைக்குப் பின் தனயன், கணவனுக்குப் பின் கைம்மை. இதுவே தொன்றுதொட்டு வந்த முறை, இதுவே இயற்கையின் ஆணை, இதனை மாற்ற முனைவோர் சமுதாயத்தின் வேரையே அறுப்போர் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும். அவர்களை நாம் வாதுக்கு அழைக்கவில்லை. ஒரு சிறு பயணத்திற்கு அழைக்கிறோம். காசிக்கன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும், சில கல் தொலைவுப் பயணம்தான்.

கணவாய்க்குக் கிழக்கே வேளாளர் வாழ்கின்றனர். மேற்கே, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களிலும் வேளாளர் வாழ்கின்றனர். இரு சாராரும் பேசுவது தமிழ். இரு சாராரும் வணங்குவது சிவனை. சாதிப் பெயரும் ஒன்று, நெல்வயலும் ஒன்று. ஆயினும், கிழக்கே ஒருவன் கண்ணை மூடினால் அவன் நிலம் மகனுக்குப் போயிற்று. மேற்கே பெரும்பாலான வேளாளர் வீடுகளில் அது உடன்பிறந்தாள் மகனுக்குப் போயிற்று. முன்னதற்கு மக்கள் வழி என்று பெயர். பின்னதற்கு மருமக்கள் வழி என்று பெயர். இதில் எது இயற்கையின் ஆணை? ஒரே சிவன், கணவாய்க்கு இப்பால் ஒரு விதியும் அப்பால் வேறொரு விதியும் எழுதினானா?

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் பிடியில் இருந்த நாடு. அரச குடும்பமே மருமக்கள் வழியில் வந்தது. 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, முன்னிருந்த மன்னனின் மகன் அல்லர், மருமகன். மன்னனின் மக்களாகிய தம்பிமார் உரிமை கேட்டுக் கிளர்ந்தனர், உயிரிழந்தனர். அரண்மனையின் வழக்கமும், ஆளும் கூட்டத்தாரான நாயர்களின் வழக்கமும், அடுத்திருந்த தமிழ் வேளாளர் வீட்டுக்குள் புகுந்து, சில தலைமுறைகளில் 'எங்கள் முன்னோர் முறை' என்று பெயர் பெற்றன. நேற்று வந்த வழக்கம் இன்று தருமம் ஆவதற்கு நெடுங்காலம் தேவையில்லை. சொத்து அதன் பக்கம் இருந்தால் போதும்.

அந்தத் தருமத்தின் கீழ் ஒரு பெண்ணின் நிலை என்ன? மலையாள நாட்டுத் தறவாட்டில் பெண் தாய் வீட்டிலேயே தங்கினாள். கணவன் வந்து போனான். நாஞ்சில் நாட்டிலோ அவள் கணவன் வீட்டுக்கு வந்து சமைத்தாள், அறுவடைக் களத்தில் நின்றாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். காரணவர் எனப்படும் குடும்பத் தலைவர் இறந்ததும் மருமகன் சாவியை வாங்கிக் கொண்டான். மனைவியும் மக்களும், உகந்துடைமை என்ற பெயரில் கிடைக்கும் ஒரு பங்கைத் தவிர வேறு பிடிப்பின்றி, அவளுடைய உடன்பிறந்தான் வீட்டு வாயிலுக்குப் போக வேண்டியவராயினர். அங்கே அவனுடைய மனைவி மக்கள் இருப்பர். நாளை தம் கதியும் இதுவே என்று அறிந்தவர்களாய்! மக்கள் வழியின் கொடுமையையும் மருமக்கள் வழியின் கொடுமையையும் ஒருங்கே ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிய விந்தை இது. கூடவே வழக்குகள்: மாமன் மேல் மருமகன், மருமகன் மேல் மாமன். நெல் விளைந்தது வயலில். சேர்ந்தது வழக்கறிஞர் வீட்டில்.

இந்த வழக்கை நீதிமன்றத்திற்கு வெளியே கொண்டு வந்தவர் ஒரு புலவர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலை இயற்றினார். 1917, 18 ஆண்டுகளில் அது 'தமிழன்' இதழில் வெளிவந்தது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைச் சொல்வதாக அமைந்த நூல். மான்மியம் என்றால் பெருமை. பக்தர்கள் தலங்களுக்கு மான்மியம் பாடிய நாட்டில், ஒரு சமூகக் கேட்டுக்கு மான்மியம் பாடி நாட்டைச் சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைத்தார் அவர். திருவிதாங்கூர் அரசு 1925இல் நாயர்களுக்கும், 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கும் சட்டம் செய்தது. பாகம் பிரிக்க வழி பிறந்தது. 'தொன்மையான தருமம்' கையெழுத்து ஒன்றில் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

வடக்கே மலபாரில் கதை வேறு வகையானது. அங்கே நம்பூதிரிக் குடும்பத்தில் மூத்த மகன் மட்டுமே தன் சாதியில் மணம் செய்வான். நிலம் துண்டுபடக் கூடாதல்லவா! இளையோர் நாயர் பெண்களுடன் 'சம்பந்தம்' கொண்டனர். பிறந்த பிள்ளை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது. பெற்றவனுக்குச் செலவில்லை, தீட்டு மட்டும் உண்டு. இவ்வேற்பாட்டுக்குப் பரசுராமன் ஆணை என்று 'கேரளோற்பத்தி' சான்று கூறிற்று. நம்பூதிரிப் பெண்களின் கதியோ அதனினும் கொடிது: பலர் மணமின்றியே மடிந்தனர், ஐயத்துக்கு ஆளானோர் ஸ்மார்த்த விசாரம் என்னும் கற்பு விசாரணைக்கு உள்ளாயினர். நாயர் பெண்ணுக்கு ஒரு நெறி, நம்பூதிரிப் பெண்ணுக்கு வேறொரு நெறி. இரண்டுக்கும் ஆசிரியர் ஒருவரே. இரண்டாலும் பயன் பெற்றவரும் அவரே.

ஆங்கிலேயர் நீதிமன்றம் வந்தது. புடவை கொடுத்துக் கொள்ளும் சம்பந்தம் திருமணமே அன்று என்றது. அப்படியானால் ஆயிரமாயிரம் பேர் யார் பிள்ளைகள்? 1890இல் சி. சங்கரன் நாயர் சென்னை மன்றத்தில் மசோதா கொண்டு வந்தார். 1891இல் ஒரு குழு அமைந்தது. 'இந்துலேகா' எழுதிய சந்து மேனோன், சம்பந்தமும் திருமணமே என்று தனிக்கருத்து எழுதினார். 1896இல் வந்த சட்டம், பதிவு செய்தால் மட்டுமே திருமணம் என்றது. பதிவு செய்ய முன்வந்தோர் மிகச் சிலரே. 1933இல் நடைமுறைக்கு வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டந்தான் சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்றது. 1975இல் கேரளச் சட்டமன்றம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது.

தாய்வழி என்றதும் தாயாட்சி என்று மயங்குவோர் நம்மிடையேயும் உண்டு. சாவி இருந்தது தாயின் இடுப்பில் அன்று, மாமனின் மடியில். ஆயினும் ஒன்றை நாம் மறைப்பதற்கில்லை. மலபார்த் தறவாட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் பிறப்புரிமை இருந்தது. உறவு முறிந்தால் அவள் தெருவுக்கு வரவில்லை. துணைவன் இறந்தால் தலை மழிக்கப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே பார்ப்பனக் கைம்பெண் மொட்டையடிக்கப்பட்டு மூலையில் இருந்த நாட்களில், மேற்கே அச்சொல்லுக்கே பொருள் இல்லாத வீடுகள் இருந்தன. சீர்திருத்தம் காரணவரின் கொடுங்கோலை ஒடித்தது, நன்று. கூடவே, அப்பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அவள் இழந்த கூரைக்கு எவரும் கணக்கு எழுதவில்லை.

சமயம்தான் குடும்பத்தை அமைக்கிறது என்பாருக்கும் ஒரு சொல். சுமத்திராவின் மேற்கே மினாங்கபாவு மக்கள் இசுலாமியர். அவர்களுடைய மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள்ளைமாரும் இசுலாமியர், தாய்வழியினர். காசி மலையில் கடைக்குட்டி மகள் குடும்பச் சொத்தைக் காக்கிறாள். இன்று அம்மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர். சமயம் மாறிற்று; வழி மாறவில்லை.

மலபாருக்கு நேர்ந்த அந்த இழிவு நமக்கும் நேர்ந்தது. புரோகிதர் இன்றி, தீ வளர்க்காமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. சம்பந்தத்துக்குச் சொன்ன அதே சொல்! மாலை மாற்றி மணந்தவள் மனைவியல்லள். அவள் பெற்ற பிள்ளைக்குச் சட்டத்தில் தந்தையில்லை. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய இந்து திருமணத் திருத்தச் சட்டம், 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால், அது திருமணம் என்றது அது. அச்சட்டம் வருமுன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது.