57 கோடி ரூபாய்க்குப் போன சிகரெட் கார்டு: உங்கள் வீட்டுப் பழைய டப்பாவில் இருப்பது எவ்வளவு போகும்?

புனேயின் தாபோடியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பழைய பேப்பர் கடையில், ஒரு தகர டப்பாவுக்குள் கிடைத்த சின்ன அட்டை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். முன்பக்கம் தலைப்பாகை கட்டிய சிப்பாயின் வண்ண ஓவியம். பின்பக்கம் ‘வில்ஸ்’, ‘சிசர்ஸ்’ என்ற சிகரெட் பெயர்கள்.

கூடவே ஒரு கேள்வி: “மச்சி, இந்த மாதிரி ஒரு கார்டு அமெரிக்காவுல கோடிக்கணக்குல போச்சாமே? இது எவ்வளவு போகும்?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, முதலில் அந்த அட்டை சிகரெட் பாக்கெட்டுக்குள் எப்படிப் போனது என்று பார்க்கணும்.

சிகரெட்டோடு படம் எதுக்கு?

அன்றைய சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதத்தால் ஆனது. சட்டைப் பையில் வைத்தால் சிகரெட் நசுங்கிவிடும். அதனால் உள்ளே ஒரு வெற்று அட்டையைச் செருகினார்கள். எப்படியும் அட்டை வைக்கிறோம், அதில் ஒரு படம் போட்டால் என்ன? 1880களில் அமெரிக்க நிறுவனங்கள் இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கின. நடிகைகள், பறவைகள், கொடிகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் வீரர்கள் எல்லோரும் அட்டையில் வந்தார்கள்.

அதே காலத்தில்தான் பான்சாக் என்ற சிகரெட் சுற்றும் இயந்திரமும் வந்தது. அது ஒரு நாளில் சுமார் 1.2 லட்சம் சிகரெட் சுற்றும். கையால் சுற்றுகிறவர்களால் சில ஆயிரங்களைத் தாண்ட முடியாது. திடீரென்று சரக்கு மலையாகக் குவிந்தது. ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் சுவையில் பெரிய வித்தியாசமும் இல்லை. அப்போ எதைக் காட்டி விற்பது? கார்டைக் காட்டித்தான்.

இதில் முக்கியமான தந்திரம் படம் அல்ல, எண்ணிக்கை. கார்டின் பின்பக்கத்தில் ‘25 கொண்ட தொகுப்பு’, ‘50 கொண்ட தொகுப்பு’ என்று அச்சிட்டிருப்பார்கள். கையில் 49 இருந்தால், இல்லாத அந்த ஒன்றுதான் உங்களை மறுபடி கடைக்கு அனுப்பும்.

டி206 என்பது என்ன?

கோடிகளில் பேசப்படும் தொகுப்பின் பெயர் இது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி தன்னுடைய 16 பிராண்டுகளின் வழியாக வெளியிட்ட பேஸ்பால் கார்டுகள். மொத்தம் 520-க்கும் மேல். ‘டி206’ என்ற பெயரை நிறுவனம் வைக்கவில்லை. ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர், பிற்காலத்தில் தயாரித்த பட்டியலில் கொடுத்த எண் அது. தன்னிடம் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

இந்தத் தொகுப்பில் பெரும்பாலான கார்டுகள் ஓரளவு கிடைப்பவைதான். சில மட்டும் விதிவிலக்கு. அவற்றில் மிகப் பிரபலமானது பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர். அச்சடிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் கார்டு நிறுத்தப்பட்டது. காரணம் பற்றி 2 கதைகள் உண்டு. குழந்தைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று அவர் மறுத்தார் என்பது ஒன்று. தனக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று மறுத்தார் என்பது இன்னொன்று. வாக்னரே புகையிலை மெல்கிறவர் என்பதால் முதல் கதையைப் பலர் நம்புவதில்லை.

காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். இன்று சுமார் 60 வாக்னர் கார்டுகள்தான் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்று 2022 ஆகஸ்டில் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 57 கோடி ரூபாய்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

அமெரிக்கன் டுபாக்கோவின் முதலாளி ஜேம்ஸ் டியூக், 1901-ல் பிரிட்டன் சந்தைக்குள் நுழைந்தார். அவரைத் தடுக்க வில்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து இம்பீரியல் டுபாக்கோவை உருவாக்கின. சண்டை சுமார் ஒரு வருஷம்தான் நீடித்தது. 1902-ல் இரு தரப்பும் சமாதானமாகி, மற்ற நாடுகளில் விற்க பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அதன் இந்தியக் கிளையாக 1910 ஆகஸ்ட் 24 அன்று கொல்கத்தாவில் பதிவானதுதான் இம்பீரியல் டுபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா. அதன் இன்றைய பெயர் உங்களுக்கு நல்லாவே தெரியும்: ஐடிசி.

அதாவது, வாக்னர் கார்டை அச்சடித்த குடும்பத்துக்கும் நண்பரின் டப்பாவில் இருந்த கார்டுக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

வில்ஸின் ‘சிசர்ஸ்’ பிராண்ட், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் நன்றாக விற்றது. அதனால் அதன் கார்டுகளில் ராணுவப் படங்கள் அதிகம். இந்தியப் படைப்பிரிவுகளின் சீருடைகளைக் காட்டும் ஒரு தொகுப்பே வந்தது. தாபோடியில் ஒரு கார்டு கிடைத்ததும் ஆச்சரியமில்லை. அங்கிருந்து முலா ஆற்றின் மேல் உள்ள ஹாரிஸ் பாலத்தைத் தாண்டினால் போபோடி, அதையடுத்து கட்கி கன்டோன்மென்ட். ராணுவம் இருந்த இடத்தில் சிகரெட்டும் இருந்தது, சிகரெட் இருந்த இடத்தில் கார்டும் இருந்தது.

கிரிக்கெட்டும் வந்தது. வில்ஸ் 1896-லேயே கிரிக்கெட் வீரர்களின் 50 கார்டுகளை பிரிட்டனில் வெளியிட்டது. பின்னர் ரஞ்சித்சிங்ஜி, துலீப்சிங்ஜி போன்றவர்களும் சிகரெட் கார்டுகளில் இடம்பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வர, 1940-ல் பிரிட்டனில் கார்டுகள் நின்றன.

பழசு என்றாலே விலை உண்டா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பிரிட்டனின் 1930-களின் சாதாரண தொகுப்புகள் கோடிக்கணக்கில் அச்சாகின, பலர் ஆல்பத்தில் ஒட்டிப் பத்திரமாக வைத்தார்கள். அதனால் 50 கார்டு கொண்ட முழுத் தொகுப்பே சில பத்து பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. இவ்வளவுக்கும் வயது 90-க்கு அருகில்!

எதிர் உதாரணம், சூயிங்கம்மோடு வந்த டாப்ஸ் நிறுவனத்தின் 1952 பேஸ்பால் கார்டுகள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவற்றை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொகுப்பின் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. சுமார் 100 கோடி ரூபாய். அதற்கு வெகு முன்பே, பழைய கார்டுகளின் விலை ஏறுவதைப் பார்த்து 1980-களின் இறுதியில் அமெரிக்கர்கள் புதுக் கார்டுகளை ‘முதலீடாக’ வாங்கிக் குவித்தார்கள். நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்க ஆளில்லை.

எல்லோரும் தூக்கிப்போட்டது விலை ஏறியது. எல்லோரும் சேர்த்து வைத்தது ஏறவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. உலகின் மிகச் சிறந்த வாக்னர் கார்டு என்று பெயர் பெற்ற ஒன்று, 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. தரச் சான்றிதழும் இருந்தது. 2013-ல் ஏல நிறுவனர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இன்றைக்கு இந்தியாவில் இப்படிக் கார்டு தர முடியுமா?

முடியாது. 2003-ன் புகையிலைப் பொருட்கள் சட்டம் விளம்பரம், விற்பனை ஊக்குவிப்பு, ஸ்பான்சர்ஷிப் மூன்றையும் தடுக்கிறது. அதற்கு முன்பு நிலைமை வேறு. 1996 உலகக் கோப்பையின் பெயரே ‘வில்ஸ் உலகக் கோப்பை’. நாம் பார்த்து வளர்ந்த இந்திய அணியின் ஜெர்சியிலும் அதே பெயர்தான். 2001-ல்தான் ஐடிசி விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்பிலிருந்து விலகியது.

கார்டு குறி வைத்தது புகைப்பவரை மட்டுமல்ல. கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவரிடம் “கார்டு இருக்கா சார்?” என்று கேட்ட சிறுவர்களை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தக் காலத்தவர் நினைவில் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து, பிராண்டுக்கு ஒரு மதிப்பு வைத்து, சில்லு எறிந்து விளையாடியவர்கள் இதைப் படிக்கிறவர்களின் அப்பாக்களில் நிச்சயம் இருப்பார்கள். படிக்கத் தெரியும் முன்பே பிராண்ட் பெயர் மனப்பாடம்.

இதில் நமக்கு என்ன?

சிகரெட் போய்விட்டது, தந்திரம் போகவில்லை. உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாமல் வாங்கும் ‘பிளைண்ட் பாக்ஸ்’, மொபைல் கேமில் காசு கட்டித் திறக்கும் பெட்டி, ‘இன்னும் ஒண்ணுதான் பாக்கி’ என்று சொல்லும் ஆப்: எல்லாமே அந்த 50-வது கார்டுதான். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எனக்கு இந்தப் பொருள் வேணுமா, இல்லை செட் முடியணுமா?

நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இது: கோடி வராது. ஓரத்தை வெட்டாதே, லேமினேட் பண்ணாதே, பசை போட்டு ஒட்டாதே. அமிலமில்லாத உறையில் போட்டு வெயில் படாமல் வை. விற்கணும்னா, கேட்கும் விலையை நம்பாமல், ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைத் தேடிப் பார்.

அவர் விற்கவில்லை. ‘பின்னாடி 50-ன்னு போட்டிருக்கே, மத்த 49 எங்க கிடைக்கும்?’ என்று கேட்டிருக்கிறார்.