தானம் அல்ல, விலை

மெக்சிக்கோவின் தென்பகுதியிலுள்ள வஹாக்கா மாநிலத்து மலைக்கிராமங்களில் கோப்பி பயிரிடுவோரில் பெரும்பாலானோர் சிறுதுண்டு நிலமே உடைய பழங்குடி மக்கள். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியற்ற அவர்கள், தேடிவரும் தரகர் சொன்ன விலைக்கே அதனைக் கொடுத்துவந்தனர். அத்தரகரை அவர்கள் 'கொயோட்டே' என்றே அழைத்தனர். ஓநாய் இனத்து விலங்கொன்றின் பெயர் அது.

1980 இல் அங்கு சென்ற ஒல்லாந்துக் கத்தோலிக்கக் குருவானவர் பிரான்ஸ் வன் டெர் ஹொஃப், தாமும் கோப்பி பயிரிட்டு அவர்களுடன் வாழ்ந்தார். 1983 இல் 'உசிரி' என்னும் கூட்டுறவு உருவாயிற்று. திருச்சபைகளின் ஆதரவுடன் நெதர்லாந்தில் இயங்கிய சொலிடாரிடாட் நிறுவனத்தின் நிக்கோ ரோசனிடம் அவ்விவசாயிகளின் வேண்டுகோள் சென்றது. அவர்கள் கேட்டது உதவிப்பணம் அன்று. தமது கோப்பிக்கு நியாயமான விலை.

அதன் விளைவாக 1988 நவம்பரில் 'மக்ஸ் ஹவலார்' முத்திரை பொறித்த கோப்பி நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் ஆட்சி விவசாயிகளைச் சுரண்டியதை அம்பலப்படுத்திய 1860 ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. பழைய கடனொன்றை நினைவூட்டும் பெயரென்றே கொள்ளலாம்.

1989 ஜூலையில் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை கைவிடப்பட்டதும் விலை சரிந்தது. 2001 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் இறாத்தலுக்கு 50 அமெரிக்க சதமும் கிடைக்கவில்லை. நியாய வணிகத்தின் கீழ் கிடைத்ததோ 126 சதம்.

அமெரிக்காவில் இம்முயற்சி தேவாலய மண்டபங்களினூடாகப் பரவியது. ஞாயிறு வழிபாட்டின் பின் கூடியிருந்து கோப்பி அருந்துவது அங்கு வழமை. 1996 இல் லூத்தரன் உலக நிவாரண அமைப்பு, ஈக்குவல் எக்ஸ்சேஞ்ச் என்ற கூட்டுறவு நிறுவனத்துடன் இணைந்து, அக்கோப்பியைச் சிறுவிவசாயிகளின் கூட்டுறவுகளிடமிருந்து பெற வழிசெய்தது. மெதடிஸ்தர், கத்தோலிக்கர் எனப் பிற சபையினரும் பின்தொடர்ந்தனர்.

குறைகளும் உண்டு. விளைச்சல் முழுவதையும் அவ்விலைக்கு வாங்க ஆளில்லை. நிலமற்ற கூலியாளுக்கு இதன் பயன் எட்டுவதும் அரிது. 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் உழைத்த எம்மவரும் நிலமற்ற கூலிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் இரக்கமுள்ளவரிடம் வஹாக்கா விவசாயி ஒரு பாடத்தை விட்டுச்சென்றான். உழைப்பவனுக்குரிய விலையைக் கொடுக்காமல் தானம் மட்டும் கொடுப்பது அறமாகாது.