கப்பலேறாத கைப்பக்குவம்

மெக்சிகோ நகரில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா எனக்குப் பொசோலே செய்யக் கற்றுத்தந்தபோது, முதலில் கொடுத்த வேலை மக்காச்சோளத்தின் முனை கிள்ளுவது. பெரிய வெள்ளை மணிகளை நீர்த்த சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்து, தேய்த்துக் கழுவினால் தோல் கழன்றுவிடும். பிறகு ஒவ்வொரு மணியின் அடியிலும் இருக்கும் கட்டியான முனையை நகத்தால் கிள்ள வேண்டும். அப்போதுதான் வேகும்போது மணி பூவாக விரியும். பன்றிக்கறியும் மிளகாய் விழுதும் அதற்குப் பிறகுதான். ஒரு கிலோ கிள்ளுவதற்குள் காலைப்பொழுது போய்விட்டது.

"இதை யார் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டேன்.

"பாட்டிமார்தான். வேறு யாருக்கு அடுப்படியில் வேலை?" என்றார்.

அங்கே 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பிலோ சாம்பலிலோ வேகவைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்னும் சத்து உடலில் சேரும். 1492க்குப் பிறகு விதை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பெண்களின் பக்குவம் ஏறவில்லை.

விளைவு, மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய். தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து இறந்தார்கள். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அந்நோயைக் கண்டு எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பரவியபோது, ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கிடைத்த கொஞ்சம் பாலையும் கறியையும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் வாதாடினார். அதை மெய்ப்பிக்க 1916இல் அவருடைய மனைவி மேரியும் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். 1937இல் கான்ராட் எல்வெஜெம் நியாசினை மருந்தாகக் கண்டறிந்தார். ஆண்களின் பெயர்கள் பாடநூலில் இருக்கின்றன. மேரி அடிக்குறிப்பில். பாட்டிமார் அதிலும் இல்லை.

இந்த அறிவை மதிக்கிறேன் என்பதற்காக அந்த உழைப்பை நான் புனிதமாக்க மாட்டேன். மெத்தாத்தே என்னும் அம்மியில் ரொட்டிக்கு மாவரைக்க மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் மண்டியிட்டிருந்தார்கள். மாவு மில் வந்தபோது அதை விரும்பாத கணவன்மார் இருந்தார்கள். மில்லுக்கு நடந்த பெண்களுக்கு அந்த மணி நேரங்கள் திரும்பக் கிடைத்தன.

வீட்டுக்கார அம்மாவும் வழக்கமாகச் சந்தையில் கிள்ளிய சோளத்தைத்தான் வாங்குவாராம். "உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இன்று கிள்ளவைத்தேன். அடுத்த முறை நீயும் வாங்கிக்கொள்" என்றார்.