பழைய விளையாட்டில் திரை கிழிகிறதா? புதிய மடிக்கணினி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளை வீட்டு மடிக்கணினியில் ஓட்டும்போது இரண்டு தொல்லைகள் அடிக்கடி வரும். ஒன்று, படம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் தெரிவது. மற்றொன்று, விசையை அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே திரை அசைவது. ‘மடிக்கணினி பழசாகிவிட்டது’ என்று முடிவுகட்டி லோ யாட் பிளாசாவுக்கோ சிம் லிம் ஸ்குவேருக்கோ கிளம்புவதற்கு முன், காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலில் இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதை அறிய வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றதை மோசமாக்கக்கூடும்.

திரை ஏன் கிழிகிறது?

சாதாரண மடிக்கணினித் திரை 60 ஹெர்ட்ஸ் கொண்டது. அதாவது, வினாடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் படத்தைப் புதுப்பிக்கிறது. பழைய விளையாட்டு இன்றைய கணினிக்கு எளிய வேலை என்பதால், அது வினாடிக்கு 150 அல்லது 200 படங்களைக்கூட உருவாக்கித் தள்ளும். திரை ஒரு படத்தைப் பாதி வரைந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால், மேல் பாதியில் பழைய படமும் கீழ்ப் பாதியில் புதிய படமும் தெரியும். அதுவே கிழிசல். வேகம் குறைந்த கணினியிலும் இது வரும் என்றாலும், பழைய விளையாட்டுகளில் பெரும்பாலும் வேகம் மிஞ்சுவதுதான் காரணம்.

வி-சிங்க்: நன்மையும் தீமையும்

விளையாட்டின் அமைப்புகளில் உள்ள ‘வி-சிங்க்’ வசதியை முடுக்கினால், திரை தயாராகும்வரை அடுத்த படம் காத்திருக்கும், கிழிசல் நின்றுவிடும். ஆனால் அந்தக் காத்திருப்பால் கைக்கும் திரைக்கும் இடையில் சிறு தாமதம் கூடும். மேலும், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி வினாடிதான். அதற்குள் படம் தயாராகாவிட்டால் அடுத்த சுற்றுவரை நிற்க வேண்டும். வேகம் 60இலிருந்து 30ஆக விழலாம். ஆகவே கணினி 60ஐத் தாண்டி நிலையாக ஓடும்போதுதான் வி-சிங்க் பயன் தரும். ஓடாவிட்டால், நிழல், திரைத் தெளிவு போன்றவற்றை முதலில் குறைக்க வேண்டும்.

விளையாட்டில் வி-சிங்க் இல்லையென்றால் அதை எல்லையற்ற சாளர முறையில் ஓட்டலாம். அப்போது படத்தைத் திரைக்கு ஒழுங்காக அனுப்பும் வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் உள்ள ‘மேக்ஸ் பிரேம் ரேட்’ அமைப்பை 60 என வைப்பதும் நல்லது. இது மட்டுமே கிழிசலை முழுதாக நீக்காது; ஆனால் வீண் உழைப்பும் சூடும் குறையும். சில விளையாட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியமும்கூட. 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ முதற்பதிப்பில் வேகம் 60ஐ மிஞ்சினால் பொருள்கள் தாமாகவே தூக்கி எறியப்படும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

• மின்சாரம்: பேட்டரியில் ஓடும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்னூட்டியை இணைத்தே விளையாட வேண்டும்.

• தவறான கிராஃபிக்ஸ்: சில மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் இருக்கும். பழைய விளையாட்டு பலவீனமான சில்லில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என வரிசையாகச் சென்று, அந்த விளையாட்டைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ எனத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

• சூடு: முதல் பத்து நிமிடம் சீராக ஓடிப் பிறகு தளர்ந்தால் சூடே காரணமாக இருக்கலாம். மெத்தை, தலையணை மீது வைத்தால் காற்று வழி அடைபடும். நம் நாட்டு வெக்கையில் விசிறியில் தூசி படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

• பழைய டைரக்ட்எக்ஸ்: 2000ஆம் ஆண்டையொட்டி வந்த விளையாட்டுகள் இன்றைய விண்டோஸில் தடுமாறினால், ‘டிஜிவூடூ 2’ என்ற இலவச மென்பொருள் அவற்றின் கட்டளைகளைப் புதிய முறைக்கு மாற்றித் தரும். அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். விளையாட்டுக் கோப்புறையை முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது நல்லது. இணையத்தில் பிறரோடு ஆடும் விளையாட்டுகளில் இதைச் சேர்த்தால் மோசடி எனக் கருதிக் கணக்கு முடக்கப்படலாம்.

செலவு செய்வதென்றால்

ஒரு எளிய சோதனை உண்டு. திரைத் தெளிவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் கிராஃபிக்ஸ்தான் திணறுகிறது. தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாத, ஒரே ஒரு ரேம் பொருத்திய மடிக்கணினியில் இரண்டாவது ரேம் சேர்ப்பது நல்ல பலன் தரும். வேகம் கூடவில்லை என்றால் மின்சாரம், சூடு, பின்னணியில் ஓடும் மென்பொருள்கள் ஆகியவற்றை மீண்டும் பார்க்க வேண்டும். புதிய இடம் திறக்கும்போது மட்டும் படம் நின்று நின்று வந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றலாம்.

எந்த மாற்றத்தையும் ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்து பார்ப்பதே சரி. அப்போதுதான் எது பலித்தது என்பது தெரியும். தேவையற்ற செலவும் மிஞ்சும்.